இடுப்புக்குள் ஒரு கடிகாரம்

"மல்லாந்து படுத்துக்கோங்க. தரை உங்களை எங்கெல்லாம் தொடுதுன்னு மட்டும் பாருங்க."

முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடமும் இவ்வளவுதான். கிழக்கு லண்டனில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய மரத்தரைக் கூடம். என்னோடு இன்னும் ஒன்பது பேர். பாயில் படுத்து வளர்ந்த உடம்பு என்னுடையது. தரை எனக்குப் புதிதில்லை. ஆனால் தரை என்னை எங்கே தொடுகிறது என்று ஐம்பத்து நான்கு வயதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. பார்த்தேன். இடது பிட்டம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. வலது பக்கமோ பாதிதான் தரையில் இருந்தது. இடுப்புக்கு அடியில் ஒரு பூனைக்குட்டி புகுந்து மறுபக்கம் வந்துவிடலாம், அவ்வளவு இடைவெளி. வலது தோள்பட்டை தரைக்கே வரவில்லை.

தோளைக் கீழே அழுத்தப் போனேன். "சரி பண்ண வேண்டாம், பார்த்தா போதும்" என்றார் ஆசிரியை. அவர் பேசியது ஆங்கிலம். எனக்குள் அது திருச்சித் தமிழாகத்தான் கேட்டது. சரி பண்ண வேண்டாம் என்று என் முதுகைப் பார்த்து ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பதினொரு வருஷம் எல்லோரும் அதைச் சரி பண்ணத்தானே வந்தார்கள்!

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை, தெளியவும் வேண்டாம். ஃபெல்டன்கிரைஸ் என்ற அந்த முறையைப் பற்றி ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசியிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் பேசியிருக்கிறேன். நாள்பட்ட வலியோடு யாராவது எழுந்து உட்காருவதைப் பார்த்தாலே எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை.

என் கதை 2011 தை மாதத்தில் ஆரம்பிக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் பின்னாலேயே ஒரு லாரி ஹாரன். அந்தச் சத்தம் முதுகில் வந்து இடித்தது போலிருந்தது. ஒதுங்கினேன், ஓரத்து மணலில் முன்சக்கரம் வழுக்கியது. வலது பக்கமாக விழுந்தேன். லாரி என்னைத் தொடவே இல்லை. எலும்பு முறியவில்லை. "அம்மன் காப்பாத்திட்டா" என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று மாதத்தில் ஆறியிருக்க வேண்டியது ஆறவில்லை. ஸ்கேனில் எல்4, எல்5 நடுவே டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரிந்தது. "குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க, தரையில உட்காராதீங்க" என்றார் ஒரு மருத்துவர். அந்த மூன்று வாக்கியத்தையும் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கோலம் போடுவது நின்றது. கீழே உட்கார்ந்து காய் நறுக்குவது நின்றது. பெல்ட், மாத்திரை, இழுவை சிகிச்சை, கிழி ஒத்தடம் எல்லாம் ஆயிற்று. சில நாள் சுகம் தந்தன, திரும்பவும் வந்த இடத்துக்கே வந்தேன். ஓரிடத்தில் ஒருவர் முழங்கையை வைத்து முதுகை அமுக்கினார். "வலிச்சாத்தாம்மா விடும்" என்றார் அவர். நான்கு நாள் எழுந்திருக்கவில்லை.

வலியைவிடப் பெரிய ஒன்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கே ஹாரன் கேட்டாலும் என் வலது தோள் காதுவரை ஏறிவிடும். மூச்சு நின்றுவிடும். வீட்டுக்குள் இருந்தாலும்தான். சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பேன், தெருவில் மினி பஸ் ஹாரன் அடிக்கும், கரண்டி கையிலிருந்து நழுவும். இதைப் போய் எந்த மருத்துவரிடம் என்னவென்று சொல்வது? "ஹாரன் கேட்டா தோள் தூக்குது" என்றால் அது ஒரு வியாதியா?

2022 மே மாதம் மகளின் பிரசவத்துக்காக லண்டன் போனேன். ஜூனில் பேரன் பிறந்தான். பாட்டிக்கு அவனைத் தொட்டிலிலிருந்து தூக்க முடியவில்லை. "அம்மா, நீ உட்காரு, நான் எடுத்துத் தரேன்" என்பாள் பிள்ளை பெற்று பதினைந்து நாள் ஆன என் மகள். யார் யாருக்குப் பார்க்க வேண்டியது! பச்சை உடம்புக்காரி எனக்காகக் குனிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் யாருக்கும் வரக் கூடாது. அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தி சொல்லித்தான் அந்தக் கூடத்துக்குப் போனேன்.

மூன்றாவது வாரம் நடந்த பாடம்தான் என்னைக் கட்டிப்போட்டது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்களைத் தரையில் ஊன்றியிருந்தோம். இடுப்பெலும்புக்கு அடியில் ஒரு கடிகார முகம் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் ஆசிரியை. இடுப்பு வளைவுப் பக்கம் பன்னிரண்டு. வால் எலும்புப் பக்கம் ஆறு. இரு பக்கமும் மூன்றும் ஒன்பதும். இப்போது இடுப்பின் பாரத்தைப் பன்னிரண்டை நோக்கி லேசாக உருட்ட வேண்டும், பிறகு ஆறை நோக்கி. அவ்வளவே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாங்கள் தூங்குவது போலத்தான் தெரிந்திருக்கும்.

"பாதியாகக் குறைங்க" என்றார். குறைத்தேன். "அதிலும் பாதி." இன்னும் குறைத்தேன். "இப்போ அசையலாம்னு நினைச்சா மட்டும் போதும், அந்த அளவுக்கு." அப்போதுதான் அது தெரிந்தது. இடுப்பு பன்னிரண்டுக்குப் போகும்போது என் தாடை இறுகியது. ஆறுக்கு வரும்போது மூச்சு நின்றது. இடுப்பை நகர்த்த நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்! எத்தனை வருஷமாக இப்படி? நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு தடவையுமா?

பிறகு மூன்றும் ஒன்பதும். பிறகு ஒவ்வொரு மணியாகச் சுற்றுவது. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று. நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு பள்ளம் இருந்தது; அங்கே போனால் இடுப்பு தாவிக் குதித்து ஆறில் விழும். நான்கும் ஐந்தும் இருந்த அந்த இடம், பாலத்தில் விழுந்தபோது நான் மோதிய இடம். ஆசிரியைக்கு அது தெரியாது. "தாவுற இடத்துக்கு முன்னாடியே நின்னுடுங்க. அங்கேயே கொஞ்சம் உலாவுங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். நான் நாலரை மணியில் உலாவினேன். வலிக்குள் புகவில்லை, வலியிலிருந்து ஓடவும் இல்லை. அதன் வாசலில் நின்று, வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்வரை காத்திருந்தது போலிருந்தது. நாற்பது நிமிடம் கழித்துக் கால்களை நீட்டிப் படுத்தபோது, வலது இடுப்பு தரைக்கு வந்திருந்தது. பூனைக்குட்டி நுழைய இடமில்லை. யாரும் அமுக்கவில்லை, இழுக்கவில்லை. தானாக வந்திருந்தது.

கண்ணீர் இரண்டு காதுக்கும் வழிந்தது. எழுந்து நின்றேன். என்னை யாரோ உச்சியில் நூல் கட்டித் தூக்கிப் பிடித்தது போலிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது வலது கை தானாக வீசியது. அந்தக் கை வீசுவதை நிறுத்தியிருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் மகளின் கணினியில் உட்கார்ந்து இந்த முறையை உருவாக்கிய மனிதர் யார் என்று தேடினேன். மோஷே ஃபெல்டன்கிரைஸ், 1904-ல் இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லாவூத்தாவில் பிறந்தவர். பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பாலஸ்தீனம் போய்க் கட்டட வேலை செய்தவர். பிறகு பாரிஸில் பொறியியல் படித்து, இயற்பியலாளர் ஃப்ரெடெரிக் ஜோலியோ-க்யூரியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவை 1933-ல் பாரிஸில் சந்தித்து, ஐரோப்பாவில் முதன்முதலில் கறுப்புப் பட்டை பெற்றவர்களில் ஒருவரானவர். கட்டட வேலை, இயற்பியல், ஜூடோ மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் அந்த உடம்பு சும்மா இருக்குமா?

அவரையும் இதற்குள் தள்ளிவிட்டது ஒரு வலிதான். இளவயதில் கால்பந்து விளையாடும்போது முழங்காலில் பலத்த அடி. இரண்டாம் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ஆய்வில் இருந்தார். கப்பலின் வழுக்கும் மேல்தளத்தில் நடந்து நடந்து முழங்கால் இன்னும் மோசமாயிற்று. அறுவை சிகிச்சை பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்றார்கள். வேண்டாம் என்று படுத்துக்கொண்டு, காலை மிக மிகச் சிறிதாக அசைத்துப் பார்க்கத் தொடங்கினார். அவர் சொன்ன கதைகளில் எனக்கு உயிரானது ஒன்று உண்டு. ஒரு நாள் வழுக்கி விழுந்ததில் நல்ல காலில் அடிபட்டுவிட்டது. எப்படி வீடு போய்ச் சேர்வது என்று பார்த்தால், அதுவரை பாரம் தாங்காத கெட்ட கால் திடீரென்று தாங்கியது! மூட்டு அதே மூட்டு. ஒரு ராத்திரியில் குருத்தெலும்பு வளர்ந்துவிடாது. அப்படியானால் அந்தக் காலை இத்தனை நாள் தடுத்துவைத்திருந்தது எது? மூட்டுக்கு மேலே, மண்டைக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதானே? அவர் அன்று பிடித்த நூலை 1984-ல் சாகும்வரை விடவில்லை.

போருக்குப் பிறகு சில வருஷம் அவர் இருந்ததும் லண்டனில்தான். தன் முறையைப் பற்றிய முதல் புத்தகம் 1949-ல் அங்கே வெளியாயிற்று. விழுவதைப் பற்றிய பயத்தை அதில் விரிவாக எழுதியிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்த குழந்தைக்கு விழுகிற உணர்வு வந்தால் உடம்பின் முன்பக்கத் தசைகள் எல்லாம் சுருங்கும், மூச்சு பிடித்துக்கொள்ளும். பெரியவர்களின் பதற்றத்துக்கும் அதே வடிவம்தான் என்பது அவர் கருத்து. தோள் ஏறும், கழுத்து உள்ளே போகும், வயிறு இறுகும். என் சமையலறையில் ஹாரன் கேட்கும்போது நடந்ததை ஒருவர் நான் பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்! நான் காவிரிப் பாலத்தில் விழுந்து முடிக்கவே இல்லை. பதினொரு வருஷமாக விழுந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

பிறகு டெல் அவிவ். அங்கே அலெக்சாண்டர் யனாய் தெருவில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தினார். அங்கே ஒலிப்பதிவானவை மட்டும் ஐந்நூறுக்கு மேல். இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன் முதுகுவலியோடு இவரிடம் வந்து, எழுபதைக் கடந்த வயதில் கடற்கரையில் தலைகீழாக நின்ற 1957-ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. எனக்குத் தலைகீழாக நிற்கும் ஆசை இல்லை. பேரனைத் தூக்கினால் போதும்.

ஏன் இவ்வளவு சின்ன அசைவு? இதில்தான் அந்த இயற்பியல்காரரின் மூளை வேலை செய்கிறது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்திருப்பவருக்கு, அதில் ஒரு கரண்டி அரிசியைக் கூட்டினாலும் தெரியாது. வெறும் உள்ளங்கையில் ஒரு மல்லிகை மொட்டை வைத்தால் உடனே தெரியும். சுமை குறையக் குறைய வித்தியாசம் தெரிவது கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வெபரும் ஃபெக்னரும் கண்டு சொன்ன விதி இது. வலிக்கும் உடம்பில் நாம் செய்வதெல்லாம் அரிசி மூட்டை வேலை. இழுக்கிறோம், முறுக்குகிறோம், "இன்னும் கொஞ்சம்" என்கிறோம். அந்த முயற்சியின் சத்தத்தில் தாடை இறுகுவது கேட்பதில்லை. மல்லிகை மொட்டு அளவுக்கு இறங்கினால்தான் மூளைக்கு "இப்படியும் ஒரு வழி இருக்கிறதே" என்று தெரிகிறது.

நம் பாட்டிகள் சொல்வார்கள், சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று. என் முதுகு அந்தப் பூனைதான். அடுப்பு எப்போதோ அணைந்து ஆறிப்போயிற்று. பூனைக்குத்தான் அது தெரியவில்லை. வலி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோதும், திசு சேதத்தோடு வருவது மட்டுமல்ல, அதைப் போன்ற அனுபவமும் வலிதான் என்று தெளிவாகவே சொன்னது. நாள்பட்ட வலியில் நரம்புமண்டலமே காவல் காத்துக் காத்துக் கூர்மையாகிவிடுகிறது. சாதாரண அசைவுக்கும் அபாயச் சங்கு ஊதுகிறது. வலி பொய் இல்லை. நூற்றுக்கு நூறு நிஜம். ஆனால் அது எப்போதும் சேதத்தின் அளவுகோல் இல்லை. வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. ஐம்பது வயதுக்காரர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஒரு வலியும் இல்லாமல்! இதை எனக்கு 2011-ல் யாராவது சொல்லியிருந்தால், "குனியாதீங்க" என்ற அந்தச் சொல் என் எலும்புவரை இறங்கியிருக்குமா?

பூனையைக் கழுத்தைப் பிடித்து இழுத்து அடுப்பருகே போட்டால் பிராண்டும். முழங்கை வைத்து அமுக்கியவர் செய்தது அதைத்தான். பூனை தானே ஒரு கால், அடுத்த கால் என்று வரட்டும் என்று பால்கிண்ணத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்தான் என் ஆசிரியை.

வகுப்பைத் தவிர, கையால் தொட்டுச் சொல்லித்தருகிற தனிப் பாடமும் உண்டு. ஃபங்ஷனல் இன்டக்ரேஷன் என்பார்கள். செப்டம்பரில் அதற்குப் போனேன். உடுத்திய உடையோடேயே தாழ்வான ஒரு மேசையில் படுக்க வேண்டும். எண்ணெய் கிடையாது, பிசைதல் கிடையாது. முன்பு அனுபவப்பட்டிருந்ததால், ஆசிரியை தொடப்போகிறார் என்றதுமே என் உடம்பு விறைத்தது. அவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். "எங்கே தொட்டா சரியா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். இடது பாதம் என்றேன். என் உடம்பிலேயே வலிக்காத இடம் அது. அங்கிருந்துதான் தொடங்கினார். ஒவ்வொரு விலாவையும் விரல் நுனியால் கேள்வி கேட்பது போலத் தொட்டார். ஏறியிருந்த வலது தோளைக் கீழே தள்ளவில்லை. அது போக விரும்பிய திசையிலேயே, காதை நோக்கி, இன்னும் கொஞ்சம் தூக்கித் தன் கையில் தாங்கிக்கொண்டார். அந்தத் தோள் பதினொரு வருஷமாகத் தனியாகச் செய்த வேலையை வேறொருவர் வாங்கிக்கொண்டார் அல்லவா, அதுதான். இரண்டு நிமிடத்தில் தோள் கைவிட்டது. ஈரத்துணி போலத் தொய்ந்தது.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. ஒரு சின்னப் பலகையை எடுத்து, காற்றில் இருந்த என் வலது உள்ளங்காலுக்கு மெல்லக் கொண்டுவந்தார். குதிகாலில் ஒட்டி எடுப்பார், சுண்டுவிரல் பக்கம் ஒட்டி எடுப்பார். செயற்கைத் தரை என்று இதற்குப் பெயர். படுத்துக்கொண்டிருக்கும்போதே, விழவே வழியில்லாத நிலையில், பாதத்துக்கு ஒரு தரையைக் காட்டுவது. முதலில் என் கால் பலகையை விட்டு விலகியது, நம்பாமல். பிறகு பெருவிரல் அதைத் தேடத் தொடங்கியது. பிறகு முழுப் பாதமும் அதன்மேல் பரவியது. அந்த நொடியில் என் வாய் வழியாக ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள், அது 2011-ல் பாலத்தில் உள்ளே இழுத்த மூச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், அது அந்த மூச்சேதான். என் கால் தரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. விழுந்து முடிந்தாயிற்று.

அவர் என்னிடம் விபத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மனக்காயம் பட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கருணை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காமலே உடம்பு வழியாக ஒரு பாதை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்கின் குழு 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வேறு சிகிச்சைகளில் தீராத மனக்காயத்தோடு இருந்த அறுபத்து நான்கு பெண்கள். பாதிப் பேருக்குப் பத்து வாரம் மென்மையான யோகா. அந்தக் குழுவில் பாதிக்கும் மேலானவர்கள் நோய் என்று சொல்லும் எல்லையைத் தாண்டி வெளியே வந்தார்கள். அங்கேயும் கட்டளை கிடையாது, "விருப்பமிருந்தால் கையை உயர்த்திப் பாருங்கள்" என்ற பேச்சுதான். தன் உடம்பின்மேல் தனக்கு உரிமை இல்லாமல் போன ஒருவருக்கு "விருப்பமிருந்தால்" என்ற ஒரு சொல்லே மருந்து. என் வகுப்பிலும் அந்தச் சொல்லைத்தான் அதிகம் கேட்டேன்.

மெல்லத் தொடுவதற்கென்றே நம் தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன என்பதையும் பிறகுதான் படித்தேன். நொடிக்கு ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்துக்குள், தாய் பிள்ளையைத் தடவும் வேகத்தில், தோலின் வெதுவெதுப்போடு தடவினால்தான் அவை நன்றாகப் பேசும். படித்துவிட்டுப் பேரனுக்கு எண்ணெய் தேய்க்கும் என் கையைப் பார்த்தேன். அதே வேகம்! எனக்கு அதை என் அம்மா சொல்லிக்கொடுத்தாள், அவளுக்கு அவள் அம்மா.

அவன்தான் என் இன்னொரு ஆசிரியர். அக்டோபரில் குப்புற விழக் கற்றுக்கொண்டிருந்தான். ஃபெல்டன்கிரைஸ் பாடங்களில் பல, குழந்தை உருளுவது, தவழுவது, உட்காருவது என்ற அந்தப் பாதையிலிருந்தே பிறந்தவை. நானும் பக்கத்தில் ஒரு விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொள்வேன். அவன் முதலில் கையை அனுப்புவதில்லை, காலையும் அனுப்புவதில்லை. கண்ணை அனுப்பினான். பக்கத்தில் கிடந்த சிவப்புக் கிலுகிலுப்பையைக் கண் தேடியது. கண்ணோடு தலை போயிற்று, தலையோடு தோள், தோளோடு விலா, கடைசியில் இடுப்பு. எந்த இடத்திலும் பல்லைக் கடிக்கவில்லை, அவனுக்குப் பல்லே கிடையாது! நானும் கண்ணை அனுப்பினேன். ஐம்பத்து நான்கு வயது உடம்பு, தண்ணீரில் மிதக்கும் வாழைமட்டை போலத் திரும்பிற்று. இருவரும் குப்புறக் கிடந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மகள் வாசலில் நின்று அழுதுகொண்டே படம் எடுத்தாள். அந்த வாரமே அவனைத் தொட்டிலிலிருந்து தூக்கினேன். தூக்கும்போது மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

என் வலி முழுக்கப் போய்விட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. நீண்ட பஸ் பயணத்தில் வரும், ஐப்பசி மழையில் வரும். வந்தால் படுத்துக் கடிகாரத்தைச் சுற்றுவேன், அடங்கிவிடும். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று நான் சொல்லமாட்டேன். 2015-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இருபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வயதானவர்கள் தடுமாறாமல் நிற்பதில் பலன் தெரிகிறது, மற்றவற்றுக்கு இன்னும் பெரிய, நல்ல ஆய்வுகள் வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். நடக்கட்டும், நிறைய நடக்கட்டும். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ பாயை விரிக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆனால் வருஷக்கணக்கில் எல்லாம் பார்த்து, "இனி இப்படித்தான்" என்று மனசை மூடிக்கொண்டவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்: ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தரையில் படுத்து அது உங்களை எங்கே தொடுகிறது என்று பாருங்கள்.

நவம்பரில் திருச்சி உறையூர் வீட்டுக்குத் திரும்பினேன். மார்கழி முதல் நாள் விடிகாலை, வாசலில் தண்ணீர் தெளித்து, பதினொரு வருஷத்துக்குப் பிறகு குனிந்தேன். கண் முதலில், பிறகு தலை, பிறகு இடுப்பு. பதினைந்து புள்ளிக் கோலம். ஒன்பதாவது வரிசையில் இருக்கும்போது முனையில் மினி பஸ் திரும்பி ஹாரன் அடித்தது. தோள் ஏறியது. ஏறுவது எனக்குத் தெரிந்தது. ஏறட்டும் என்று விட்டேன், இறங்கியது. மாவு இழை அறுபடவில்லை.

எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு மூன்று வருஷமாக இடுப்பு வலி. "எப்படிடி குனியிற?" என்றார். இந்த முறையில் ஆசிரியராக நான்கு வருஷம், எண்ணூறு மணி நேரம்வரை படிக்க வேண்டும். நான் அது படித்தவள் இல்லை. அதனால் என் ஆசிரியை அனுப்பிவைத்த ஒலிப்பதிவைப் போட்டு, வரிக்கு வரி தமிழில் சொல்லுவேன், அவ்வளவுதான். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் நான்கு பாய்கள். போன வாரம் அக்கா மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியிருந்தார். ஒலிப்பதிவில் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணுலேர்ந்து நாலுக்குப் போங்க அக்கா. மெல்ல. பாதியாக் குறைங்க."

"குறைச்சிட்டேன்."

"அதுலயும் பாதி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பக்கத்துத் தென்னையில் காக்கைகள் அடைந்துகொண்டிருந்தன.

"ஏண்டி," என்றார் அக்கா கண்ணைத் திறக்காமலே, "நான் ஏன் நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்?"